பாலை அடிப்பிடிக்க விட்டது யார்?

ஜூன் 4, புதன்

அடுப்படிக் குழாய் இன்றும் சொட்டுகிறது. குழாய் ரிப்பேர் செய்யும் அந்தோணிக்குக் காலையிலும் மத்தியானமும் போன் செய்தேன். "இதோ தில்லைநகர் தாண்டிட்டேம்மா" என்றார் இரண்டு முறையும். தில்லைநகரைத் தாண்டுவதற்கு ஒரு மனிதருக்கு இத்தனை நேரமா?

இந்த டைரியைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆங்கிலத்தில்தான் எழுதிவந்தேன். கான்வென்ட்டில் எங்களுக்கு இலக்கணம் எடுத்த சிஸ்டர் எவாஞ்சலின் ஒரு விதி வைத்திருந்தார். 'ஹி' என்று எழுதுவதற்கு முன்னால், அந்த ஆளைப் பெயர் சொல்லி வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பெயர் இல்லாமல் 'ஹி' வந்தால் நோட்டைத் தூக்கி எறிவார். நான் என் கணவர் பெயரைச் சொன்னதில்லை, எழுதியதுமில்லை. முன்பெல்லாம் 'மை ஹஸ்பண்ட்' என்று எழுதிச் சமாளித்தேன். போன ஐப்பசியில் அவர் காலமான பிறகு அந்தச் சொல்லைப் போட்டால் கூடவே இன்னொரு சொல்லையும் போட வேண்டியிருக்கிறது. தமிழில் 'அவர்' போதும். யார் என்று இந்த வீட்டில் எவரும் கேட்கமாட்டார்கள்.

கான்வென்ட்டில் படித்தவளுக்கு இது என்ன பழக்கம் என்று யாராவது கேட்கலாம். என் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. மாமியாரும் சொன்னதில்லை. மலைக்கோட்டையில் இருக்கும் சாமியின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்தச் சாமியும் வெறும் மலைக்கோட்டைச் சாமிதான்.

மாலையில் அருணகிரி போன் செய்தார். பாலக்கரையில் அச்சகமும் பதிப்பகமும் வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில்தான் எங்கள் வீட்டில் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகம் முதலில் வந்தது. இப்போது பாடத்திட்டம் மாறியிருக்கிறதாம், புதுப் பதிப்பு போடுகிறார்களாம். ஆகஸ்டில், என் 'அவர்' ஆங்கிலம் நடத்திய கல்லூரியின் பழைய மாணவர்கள் அவருடைய படத்தைத் திறக்கிறார்கள், அதே மேடையில் புத்தகத்தையும் வெளியிட வேண்டுமாம்.

"சார் புக்க யாரும்மா அசைக்க முடியும்? ஒரே ஒரு சேப்டர்தான் கொஞ்சம் பழசா இருக்கு. புரோநவுன் சேப்டர். அதை மட்டும் ஒரு மேடம் திருத்தித் தராங்க. உங்ககிட்ட மரியாதைக்கு ஒரு தடவ காட்டிட்டுப் போவாங்க."

இருபத்திரண்டு அத்தியாயங்களில் அந்தப் பிரதிப்பெயர் அத்தியாயம் ஒன்றுதானா கண்ணில் பட்டது?

ஜூன் 6, வெள்ளி

வந்தவர் பெயர் டாக்டர் மெஹருன்னிசா. மகளிர் கல்லூரியில் ஆங்கிலத் துறை. நாற்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார், அது எனக்குப் பிடித்தது. கையில் கொண்டுவந்த தாள்கள் பிடிக்கவில்லை.

புத்தகத்துக்கு வேறு பெயர் கிடையாது. அட்டையில் இருக்கும் அவருடைய பெயரைச் சொல்லிப் பின்னால் 'கிராமர்' என்பார்கள். பிள்ளைகள் 'கிராமர்' என்பதையும் விட்டுவிட்டு வெறும் பெயரையே சொல்வார்கள். கடையில் போய், "அந்தச் சிவப்பு அட்டை இலக்கணம் இருக்கா?" என்று நான் கேட்டு, கடைக்காரர் அவருடைய பெயரை உரக்கச் சொல்லி, "அதானம்மா?" என்று கேட்க, நான் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன்.

மெஹருன்னிசாவும் அந்தப் பெயரைத்தான் சொன்னார். "நானே அதுலதான் மேடம் படிச்சேன். எங்க ஸ்கூல்ல அது இல்லாதவ கிடையாது."

"பிறகு ஏன் அந்த அத்தியாயத்தின் கழுத்தில் கை வைக்கிறீர்கள்?"

சிரித்துவிட்டார். "விதியெல்லாம் அப்படியே இருக்கு மேடம். உதாரணமும் பயிற்சியும்தான் மாத்தறோம். இப்ப ஆபீஸ், இன்டர்வியூ, இந்த மாதிரி சூழல் இருக்கணும்னு சொல்றாங்க. நாத்தனார், மாமியார், பாயசம்... பிள்ளைங்களுக்குப் புரியறதில்ல."

"பிள்ளைகளுக்கு இப்போது நாத்தனாரே கிடையாதா?"

"இருக்காங்க மேடம். பாடத்திட்டத்துல இல்ல."

புது வாக்கியங்களை அவர் எழுதவில்லை, கம்ப்யூட்டர் எழுதியது. கேட்டால் ஒரு நிமிடத்தில் முந்நூறு தருகிறதாம். அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, கூச்சத்தோடும் சொல்லவில்லை. மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டேன் என்பதுபோலச் சொன்னார்.

தாள்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

ஜூன் 7, சனி

அந்தோணி வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

கம்ப்யூட்டர் எழுதியதைப் படித்து முடித்தேன்.

ரவி ராஜுவிடம் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதாகச் சொன்னான். யாருக்குப் பதவி உயர்வு? தெளிவில்லை, மாற்றி எழுதுக.

பிழை சொல்ல முடியாது. இரண்டு ஆண் பெயர்கள், பின்னால் ஒரு 'அவன்', எவனை அது சுட்டுகிறது என்று தெரியவில்லை. விதிக்குப் பொருந்துகிறது. ஆனால் பதவி உயர்வு ரவிக்குக் கிடைத்தால் எனக்கென்ன, ராஜுவுக்குக் கிடைத்தால் எனக்கென்ன? எந்தப் பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டு யோசிக்கும்?

பழைய பயிற்சியை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அதில் முதல் வாக்கியம், தமிழில் சொன்னால், இது.

கமலா விமலாவிடம், அவள் பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

இதில் ஒரு வீடு இருக்கிறது. கமலா குற்றத்தை ஒப்புக்கொள்கிறாளா, விமலாமேல் சுமத்துகிறாளா? பதில் தெரியாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது.

ஆறாவது: படித்தது போதும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் யார்? பெயரே இல்லாமல் வரும் 'அவர்கள்' இது. நல்ல ஆங்கிலத்தில் இப்படி எழுதக் கூடாது. ஊர் முழுவதும் இப்படித்தான் பேசுகிறது.

பதினோராவது: கணவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார், அது அவளைப் புண்படுத்தியது. இங்கே 'அது' எதைச் சுட்டுகிறது? ஒரு பெயரை அல்ல. முன்னால் நிற்கும் வாக்கியம் முழுவதையும். பரீட்சையில் பாதிப் பேர் இதில்தான் தவறுவார்கள். கணவரையோ நாற்காலியையோ காட்டுவார்கள்.

இதை அவர் எவ்வளவு நுட்பமாக அமைத்திருக்கிறார். இந்தப் பதினோராவதை எழுதிக்கொண்டிருந்தபோது வத்தக்குழம்பு சுண்டிக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

அருணகிரிக்குப் போன் செய்து, அந்த அத்தியாயத்தில் ஒரு வாக்கியத்தையும் மாற்றக் கூடாது என்றேன்.

"அம்மா, நீங்க சொன்னா நான் மறுப்பனா? ஆனா இதுல ஒரு மொறை இருக்கு. எங்கப்பா போட்ட மொறை. புக்க எழுதினவரு வந்து நின்னு மாத்தாதேன்னா, ஒரு கமாவைக்கூடத் தொடமாட்டோம். பாடத்திட்டம் என்னவா இருந்தாலும் சரி. விக்கலைன்னாலும் சரி. ஆனா எழுதினவரு சொல்லணும். வீட்டுல இருக்கறவங்க சொன்னாங்கன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தரு மாமனாரும் வந்து நிப்பாரு."

"நான் மாமனார் இல்லை."

"ஐயோ, அதுக்குச் சொல்லலம்மா. சார் இருந்திருந்தா நான் வீட்டுக்கே வந்து கேட்டிருப்பேன். சார் இல்லையே. மாச முடிவுல சேப்டர் அச்சுக்குப் போயிடும்மா."

போனை வைத்த பிறகு கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

ஜூன் 13, வெள்ளி

புத்தகத்தின் முன்னுரையைப் படித்தேன். அவர் நல்ல ஆங்கிலத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். கல்லூரி முதல்வருக்கு, துறைத் தலைவருக்கு, பதிப்பாளருக்கு, எழுத்துக் கோத்த தொழிலாளிக்கு. கடைசியில், 'வேளாவேளைக்குக் காப்பி கொடுத்து என்னை விழித்திருக்கச் செய்த என் மனைவிக்கு.'

காப்பி கொடுத்தது உண்மைதான். நல்ல காப்பி.

ஜூன் 16, திங்கள்

மெஹருன்னிசா இரண்டாம் முறை வந்தார். இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கின்றன. அதை விரித்து வைத்துக்கொண்டு, "மேடம், இதுல ஒரு தப்பு இருக்கு. அம்பது வருஷமா இருக்கு போல. சாரே கவனிக்கலையா?" என்றார்.

"எங்கே?"

"முதல் வாக்கியம். கமலா, விமலா, பால். விடை 'தெளிவில்லை'ன்னுதான் வரணும். மத்த எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கு. இதுக்கு மட்டும் 'விமலா'ன்னு போட்டிருக்கு. இந்த வாக்கியத்தை வெச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்ல முடியும்? எங்க டீச்சர்கூட பென்சில்ல அடிச்சிட்டு எழுதிக்கச் சொன்னாங்க."

அவர் கவனிக்காமல் இல்லை; அந்தக் காலத்திலேயே அவருக்கு ஆசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். கல்லூரியிலும் சக ஆசிரியர்கள் கேலி செய்தார்களாம். அச்சுப் பிழை என்று எல்லோருக்கும் பதில் எழுதினார். ஆனால் அடுத்த பதிப்பிலும் திருத்தவில்லை. அதை மெஹருன்னிசாவிடம் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"தப்பில்லை. விமலாதான் அடிப்பிடிக்க விட்டாள்."

"அது எப்படி மேடம் தெரியும்?"

"கமலா மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். பாலை அடுப்பில் வைத்தவள் விமலா. கீழே இறங்கி வரும்போது வீடெல்லாம் புகை. குழந்தையின் முதல் பிறந்தநாள், பாயசத்துக்கு வாங்கிய பால். பின்னே கமலா எப்படி அடிப்பிடிக்க விட்டிருக்க முடியும்?"

மெஹருன்னிசா தாளைக் கீழே வைத்தார். பிறகு அவர் முகம் பள்ளிக்கூடப் பெண்ணின் முகமாகிவிட்டது.

"எங்க கிளாஸ்ல இதுக்குப் பெரிய சண்டையே நடக்கும் மேடம். பாதிப் பேர் கமலா கட்சி, பாதிப் பேர் விமலா கட்சி. பதினெட்டாவது வாக்கியத்துல கமலா பெட்டியப் பூட்டறா பாருங்க, அன்னிக்கு நாங்க எல்லாரும் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னே முடிவு பண்ணிட்டோம். அப்ப கமலா நீங்கதானா?"

"காப்பி ஆறுகிறது, குடியுங்கள்."

"இதெல்லாம் ஆம்பள எழுதின மாதிரி இல்லையேன்னு நான் முதல் நாளே நினைச்சேன். சார் பால் பொங்கறத எங்க பாத்திருப்பாரு? மேடம், இந்தச் சேப்டரை எழுதினது நீங்களா?"

நான் எழுந்துபோய்க் குழாயை இறுக்கி மூடினேன். சொட்டுவது நிற்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் இன்னும் அதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லாமல் வழியனுப்பினேன்.

ஜூன் 18, புதன்

சொன்னால் ஒரு பத்தியில் முடிந்துவிடும்.

அவர் விதிகளை எழுதினார். வகுப்பில் சொல்வதுபோலத் தெளிவாக, சுருக்கமாக எழுதினார். அதில் அவருக்கு இணையானவரை நான் பார்த்ததில்லை. ஆனால் உதாரணம் சொல்லச் சொன்னால் பூனை பாயின்மேல் உட்கார்ந்தது என்பார். 'நீயே கொஞ்சம் போட்டு வை, நான் பார்த்துக்கறேன்' என்று முதல் அத்தியாயத்தில் சொன்னார். ஆறாவது அத்தியாயத்துக்கு வந்தபோது 'பார்த்துக்கறேன்' என்பதும் நின்றுவிட்டது. பிரதிப்பெயர் அத்தியாயத்தில் விதிகளும் என்னுடையவை. சிஸ்டர் எவாஞ்சலினுடையவை என்பதே சரி.

அட்டையில் ஒரு பெயர்தான் போட முடியும் என்று அப்போது பெரியவர், அருணகிரியின் அப்பா, சொன்னாராம். அப்படித்தான் என்னிடம் சொல்லப்பட்டது. சொன்னது பெரியவரா, இவரா என்று நான் கேட்கவில்லை. கல்லூரியில் அவருக்கு வேலை நிரந்தரம் ஆகாத சமயம். புத்தகம் வந்த பிறகு ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், நானும் இருந்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

இந்த வாரம் மூன்றாவது முறையாகத் துவரம்பருப்பு டப்பாவில் உளுந்தைக் கொட்டிவிட்டேன். கண் டாக்டரிடம் போக வேண்டும்.

ஜூன் 21, சனி

ஹைதராபாத்திலிருந்து என் மகன் நம்பி போன் செய்தான். மெஹருன்னிசா அருணகிரியிடம் சொல்லி, அருணகிரி இவனிடம் சொல்லியிருக்கிறார்.

"என்னம்மா இது? அப்பா எழுதின புக்க நீ எழுதினேன்னு சொன்னியாமே?"

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"அப்ப சொல்லலதானே? சரி, அருணகிரிகிட்ட நானே பேசிடறேன்."

"சொல்லவில்லை என்றேன். எழுதவில்லை என்று சொல்லவில்லை."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவன், இப்போதும் என்னிடம் தோற்கும்போது மூக்கால்தான் மூச்சு விடுகிறான்.

"அம்மா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா மேஜைல உக்காந்து எழுதிட்டே இருப்பாரு. நான் காலடியில விளையாடுவேன். நீ காப்பி கொண்டாந்து வைப்ப."

"அவர் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார். நான் எழுதியது அடுப்படி மேடையில். அப்போது நீ தூங்கியிருப்பாய்."

"சரிம்மா. எழுதினே. கூடமாட ஒத்தாசை பண்ணினே. எந்த வீட்டுலதான் பண்ணல? இப்ப படம் தொறக்கற நேரத்துல இதைக் கெளப்பினா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அப்பாவ ஏமாத்துக்காரர்னு சொல்ல மாட்டாங்களா? வேணும்னா முன்னுரையில உனக்குப் பெருசா ஒரு நன்றி போடச் சொல்றேன்."

"ஏற்கெனவே போட்டிருக்கிறது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவன் சொன்ன நாலு பேர் யார்? பெயர் கேட்டால் ஒருத்தர் பெயரும் வராது.

ஆனால் அந்த ஒரு சொல் உறுத்துகிறது. ஏமாற்றுக்காரர். அவர் அப்படி இல்லை. அவர் சும்மா இருந்தார், அவ்வளவுதான்.

ஜூன் 22, ஞாயிறு

உறையூருக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். என் நாத்தனார் செண்பகம் அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். அவருக்குத் தங்கை. புத்தகம் எழுதிய நாட்களில் அதே வீட்டில் இருந்த பெரியவர்களில் இன்று உயிரோடு இருப்பது நாங்கள் இருவர்தான். எனக்குத் தெரிந்தது எனக்கு மட்டும்தான் தெரியுமா என்று பார்க்கத்தான் போனேன்.

அந்தப் பாயச நாளுக்குப் பிறகு நானும் அவளும் மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினோம், ஆனால் அளந்து பேசினோம். நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம். போன ஐப்பசியில் பதினாறு நாளும் என்னோடு இருந்தாள்.

வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாள். "என்ன அண்ணி, வெயில்ல?"

"செண்பகம், அந்த இலக்கணப் புத்தகம். அதில் பயிற்சியெல்லாம் யார் எழுதியது?"

"இது என்ன கேள்வி? நீங்கதான். அண்ணனுக்கு அந்தப் பொறுமை ஏது? அம்மாகூடச் சொல்லும், புருஷன் பேர்ல பொண்டாட்டி பரீட்சை எழுதறான்னு."

"அத்தைக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். தெருமுனை அய்யருக்கே தெரியும்."

"பிறகு ஏன் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"நீங்க சொல்லலியே அண்ணி. உங்களுக்கே இல்லாத அக்கறை எங்களுக்கு எதுக்குன்னு இருந்துட்டோம்."

நான் ரகசியமாகக் காத்துவந்த ஒன்று ரகசியமே இல்லை. கோபத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பாலைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். உன் பெயரை மாற்றி விமலா என்று வைத்து, அவள்தான் அடிப்பிடிக்க விட்டாள் என்று விடையும் போட்டிருக்கிறேன். ஐம்பது வருடமாக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதைப் படிக்கிறார்கள்."

அவளுக்கு இங்கிலீஷ் புத்தகம் படித்துப் பழக்கமில்லை. விமலா விஷயம் அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. மடித்த வெற்றிலையைத் தட்டில் வைத்தாள்.

"நானா? நான் எங்க விட்டேன்? பாலை அடுப்புல வெச்சது நான். வாசல்ல பூக்காரி கூப்புட்டா. அண்ணன் அடுப்படியிலதான் முக்காலியப் போட்டு உக்காந்திருந்தான், சூடா காப்பி வேணும்னு. நீ போ, நான் பாத்துக்கறேன்னான். பேப்பர்ல கிரிக்கெட் படிச்சிட்டே விட்டுட்டான். நான் திரும்பி வரதுக்குள்ள கருகல். 'செண்பகம், உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத'ன்னு கையப் புடிச்சான். அண்ணனாச்சே, நானும் சொல்லல."

"அத்தை என்னை அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்டார்களே. கான்வென்ட்டில் பால் காய்ச்சச் சொல்லித்தர மாட்டார்களா என்று."

"ஆமா. அண்ணன் அங்கதான் நின்னான்."

"நான் அதற்குப் பிறகு உன்னைத்தானே சொன்னேன்."

"ஆமா. அதுக்கும் அங்கதான் நின்னான்."

செண்பகம் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். வெற்றிலையை எனக்கு நீட்டினாள். எனக்குப் பழக்கமில்லை என்று அவளுக்குத் தெரியும். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

விடையில் 'விமலா' என்று இருப்பதை அவர் ஒவ்வொரு பதிப்பிலும் பார்த்திருக்கிறார். புரூஃப் திருத்தியவர் அவர்தான். அச்சுப் பிழை என்று அத்தனை பேருக்கும் கடிதம் எழுதியவர், ஒரு சொல்லை அடித்துத் திருத்தவில்லை. திருத்தினால் ஏன் என்று நான் கேட்பேன்.

பெருமை வந்தபோது பேசாமல் இருந்து வாங்கிக்கொண்டார். பழி வந்தபோது பேசாமல் இருந்து எனக்கு விட்டுவிட்டார். இரண்டும் ஒரே மௌனம்தான் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியவில்லை. பதினோராவது வாக்கியத்தை எழுதியவளுக்கே தெரியவில்லை.

காலையில் கூடத்துப் படத்துக்குப் பூ வைக்கப் போனேன். பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்போது அது வாயிலிருந்து வந்துவிட்டது. உரக்க, மரியாதை இல்லாமல், வகுப்பில் பின்பெஞ்சுப் பையனைக் கூப்பிடுவதுபோல.

"தாயுமானவா."

ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு முறை சொன்னேன். அழகான பெயர். ஐம்பத்தைந்து வருடம் பக்கத்திலேயே இருந்தும், நாக்கில் அது எப்படி இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது.

பிறகு பூவையும் வைத்தேன்.

ஜூன் 25, புதன்

பாலக்கரைக்குப் போனேன். அச்சகத்தில் மெஹருன்னிசாவும் இருந்தார். அருணகிரி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார்.

"சொல்லியிருந்தா நானே வந்திருப்பனேம்மா."

"எழுதியவர் வந்து நின்று சொன்னால் ஒரு கமாவையும் தொடமாட்டேன் என்றீர்கள். வந்திருக்கிறேன்."

அவர் மெஹருன்னிசாவைப் பார்த்தார். மெஹருன்னிசா ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மா, தம்பி போன்ல வேற மாதிரி சொன்னாருங்களே. எனக்கு என்ன செய்யறதுன்னே புரியல. சார் பேரு..."

"சார் பேரை நானே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். விதிகள், தாயுமானவன். உதாரணங்களும் பயிற்சிகளும், பிரதிப்பெயர் அத்தியாயம் முழுவதும், குமுதவல்லி. அட்டையில் இரண்டு பெயரும் வர வேண்டும், ஒரே அளவு எழுத்தில். அவருடையது முதலில் வரட்டும். விதி முதலில் வருவதுதான் முறை."

அருணகிரி பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"குமுதவல்லி யாரும்மா?"

எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவர். அவருக்கு நான் சாரோட மிஸஸ், பிறகு அம்மா. அவரைச் சொல்லி என்ன?

"காப்பி போட்டவள்" என்றேன்.

மெஹருன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அருணகிரி கொஞ்ச நேரம் பேனாமூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சுவரில் மாலையோடு இருந்த அவருடைய அப்பா படத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

"ல்லி-யா, ள்ளி-யா?"

ஜூன் 26, வியாழன்

நம்பி போன் செய்தான். கோபமாகத்தான் பேசினான். படத்திறப்புக்கு வருவேனா என்று கேட்டான். முதல் வரிசையில் உட்காருவேன் என்றேன். யார் என்ன கேட்டாலும், உன் அப்பா ஏமாற்றுக்காரர் இல்லை, வாய் திறக்காதவர் என்று சொல்வேன் என்றேன். மூக்கால் மூச்சு விட்டான்.

ஜூன் 30, திங்கள்

பிரதிப்பெயர் அத்தியாயத்தின் கடைசிப் புரூஃப் வந்தது. பழைய வாக்கியங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ரவியும் ராஜுவும் பதவி உயர்வோடு போய்விட்டார்கள். ஒரே ஒரு திருத்தம் செய்து திருப்பி அனுப்பினேன். பிற்பகலில் மெஹருன்னிசா போன் செய்தார்.

"மேடம், விடைப் பக்கத்துல முதல் வாக்கியத்துக்கு 'விமலா'வ அடிச்சிட்டீங்க, சரி. 'தெளிவில்லை'ன்னு போடுவீங்கன்னு பாத்தா, 'இருவரும் இல்லை'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"எப்படி மேடம்? கமலா, விமலா ரெண்டு பேர்தானே இருக்காங்க. டீச்சருங்க மறுபடி லெட்டர் எழுதுவாங்க. மூணாவது ஆளே இந்த வாக்கியத்துல இல்லையே."

"வாக்கியத்தில் இல்லை" என்றேன். "அடுப்படியில் இருந்தார்."